அம்மாவுக்கு 64, மகளுக்கு 9: ஹோட்டன் சமவெளியை நடந்து முடிக்கலாமா?

ஆரையம்பதி_அக்கா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். புரட்டாசிப் பூரணையோடு சேர்த்து மூன்று நாள் லீவு கிடைக்கிறது. குடும்பமாக, நுவரெலியாப் பக்க மலையில் இருக்கிற ஹோட்டன் சமவெளிக்குப் போக யோசிக்கிறோம். நானும் கணவரும், மகன் (13), மகள் (9), அம்மா (64). சொந்த வாகனம் இல்லை, வான் பிடிப்போம்.

இந்த யோசனை வந்ததே மகளால்தான். கனடாவில் இருக்கிற என் அண்ணா போன வருடம் பிள்ளைகளோடு அல்கொங்குயின் பூங்காவில் நடந்த படங்களை அனுப்பியிருந்தார். பாதையின் இரு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் செம்மஞ்சளுமாக நிற்கின்றன. அதைப் பார்த்த நாளிலிருந்து, "எங்கட நாட்டில இலை சிவக்கிற இடம் ஒன்றும் இல்லையா அம்மா?" என்று விடாமல் கேட்கிறாள். எங்கள் வளவில் வேப்பமரம் மாசி பங்குனியில் இலை கொட்டும். கூட்டிக் குவித்து எரிப்போம். அதைத் தவிர அவளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மா இதுவரை மலைநாட்டுப் பக்கம் போனதே இல்லை. பிரஷர் குளிசை எடுக்கிறார், இடது முழங்கால் கொஞ்சம் நோகும். வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை, "நான் நிற்கிறன், நீங்க போய் வாங்க" என்கிறார். அவரால் நடக்க முடியுமா? புரட்டாசியில் அங்கே மழையா? முக்கியமாக, மகளுக்குக் காட்ட அங்கே நிறம் மாறிய இலை ஏதும் இருக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்முனை_நாநா

தங்கச்சி, முழங்கால் நோவு என்று நீங்களே சொல்கிறீர்கள். அம்மாவை வருத்தாமல் இங்கே பக்கத்தில் இங்கினியாகலைக்குப் போகலாமே. அம்பாறை நகரைத் தாண்டினால் கொஞ்ச நேர ஓட்டம்தான். கல்லோயா தேசியப் பூங்காவை 1954இல் அறிவித்தார்கள், சேனாநாயக்க சமுத்திரம் அதற்கு நடுவில் கிடக்கிறது. நம் ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்கிற அந்த ஆற்றை மறித்துக் கட்டிய குளம்தான் அது. அங்கே படகில் இருந்தபடியே எல்லாம் பார்க்கலாம். யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும், தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். என் வாப்பாவை 78 வயதில் கூட்டிப் போனோம். படகில் ஏற்றி இறக்க மட்டும் இரண்டு பேர் கை கொடுத்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். புரட்டாசியில் குளத்துத் தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும், நம் பக்கம் மாரி தொடங்கினால்தான் ஏறும். யானையை நிறையப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட காலம் நல்லது. காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் உண்டு. சிவந்த இலை பற்றி எனக்குத் தெரியாது.


வாவிக்கரை

அக்கா, நான் கல்லடி. போன புரட்டாசியில் இதே பயணம் போனோம். என் அம்மாவுக்கு அப்போது 67, சின்னவனுக்கு 8. அம்மா முழுப் பாதையும் நடந்தார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்முனை நாநா சொன்ன இங்கினியாகலையும் நல்ல இடம், நாங்களும் போயிருக்கிறோம். ஆனால் உங்கள் அம்மா மலையே பார்த்ததில்லை என்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே மேலே கூட்டிப் போங்கள்.

முதலில் வழி. செங்கலடிச் சந்தியில் திரும்பினால் அதே ஏ5 வீதிதான் நுவரெலியா வரை போகிறது. கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை. விடிந்த பிறகு வெளிக்கிடுங்கள், கரடியனாற்றுக்கும் மகாஓயாவுக்கும் இடையில் இருட்டில் யானை வீதிக்கு வரும். மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. பத்து நிமிடம் இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். லுணுகலைக்கு மேலே வளைவுகள் தொடங்கும். சின்னவன் அங்கே இரண்டு தரம் சத்தி எடுத்தான். ஒரு தேசிக்காயைக் கீறிக் கையில் கொடுத்து மணக்கச் சொன்னதும் கொஞ்சம் அடங்கியது. பிள்ளைகளை முன் சீற்றில் ஏற்றுங்கள், காலைச் சாப்பாட்டை அரை வயிறாக வையுங்கள்.

நாங்கள் வெலிமடையில் தங்கினோம். அங்கிருந்து பொரலந்தை வழியாக ஒஹியாப் பக்க வாயிலுக்கு ஏறலாம். நுவரெலியாவில் தங்கினால் பட்டிப்பொலப் பக்க வாயில். எதுவானாலும் காலை ஆறு மணிக்கு வாயிலில் நிற்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கீழிருந்து முகில் ஏறி, உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை மூடிவிடும். அப்புறம் என்னதான் நடந்து போனாலும் வெள்ளைச் சுவர்தான். தங்கிய இடத்தில் நாலரைக்குக் காலைச் சாப்பாடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலரைக்கு ஒருவரும் எழும்பவில்லை, கதவைத் தட்டியும் பயனில்லை. அம்மா வீட்டிலிருந்து பிஸ்கட் தகரத்தில் பயற்றம்பணியாரம் கொண்டுவந்திருந்தார். அதுவும் ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் இல்லாவிட்டால் பிள்ளைகள் பசியோடுதான் நடந்திருப்பார்கள். நீங்களும் கையோடு ஏதாவது கொண்டு போங்கள்.

கொண்டு போவதைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள். வாயிலில் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்ப்பார்கள். ஷொப்பிங் பை, பிஸ்கட் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் தருவார்கள். இது மிக நல்ல காரியம். முந்தி ஆட்கள் எறிந்துவிட்டுப் போன பைகளை மரை மான்கள் தின்று செத்திருக்கின்றன. வாழையிலையில் கட்டிய சோறும், தகரத்தில் போட்ட பணியாரமும் ஒரு தடையும் இல்லாமல் போகும்.

உள்ளே போய் வாகனத்தை நிறுத்துகிற இடத்தில் மரைகள் ஆட்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும். கொம்பும் பிடரி மயிருமாக ஒரு கலைமரை எங்கள் வானின் கண்ணாடியை மோந்து பார்த்தது. பிள்ளைகள் பாண் கொடுக்கக் கேட்பார்கள். கொடுக்கவே கூடாது.

நடை மொத்தம் ஒன்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, போன வழியே திரும்பாமல் சுற்றி வருகிற பாதை. ஆட்கள் மூன்று, மூன்றரை மணித்தியாலத்தில் முடிப்பார்கள். எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் எடுத்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். சின்ன உலக முடிவுக்குப் போகிற பக்கமாகத் திரும்புங்கள், பேக்கர் அருவி கடைசியில் வரட்டும். பார்வை தெளிவாக இருக்கிற காலை நேரத்தில் விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும், அருவியை முகிலிலும் பார்க்கலாம்.

நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்தோம். அம்மா முன்னுக்கு, அவருக்குப் பின்னால் சின்னவன், கடைசியில் நான். யாரும் அம்மாவை முந்தக் கூடாது. முதல் அரை மணித்தியாலம் மூத்தவன் முணுமுணுத்தான். பிறகு அவனே பாட்டிக்குக் கல்லைக் காட்டிக் காட்டி நடந்தான். அந்த உயரம் 2100 மீற்றருக்கு மேலே. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அங்கே சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். அம்மா நின்றால் எல்லாரும் நின்றோம், அவ்வளவுதான். குழிகளும் வேர்களும் கல்லும் உள்ள பாதை. அம்மா வாழ்நாள் முழுக்க ரப்பர் செருப்புப் போட்டவர். சப்பாத்து வேண்டாம் என்று ஒரு மாதம் மறுத்தார். பசாரில் கன்வஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கி, ஒவ்வொரு நாள் காலையும் கல்லடிப் பழைய பாலத்தில் நடக்கவிட்டேன். அதைப் போட்டு இருபது நாள் பழகியிராவிட்டால் அந்தப் பாதையில் கால் வெடித்திருக்கும். ஏறிப் பழக நம் பக்கத்தில் மேடு இல்லை. குடும்பிமலை இருக்கிறதுதான், ஆனால் தினமும் போய் வருகிற தூரமா அது? வீட்டு மாடிப்படி இருந்தால் அதில் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மகளின் கேள்வி. நானும் அதைத் தேடித்தான் போனேன் என்றே சொல்லலாம்.

அங்கே இலையுதிர்காலம் இல்லை. அந்த மலைக்காட்டு மரங்கள் வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். ஆனால் சின்ன உலக முடிவைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தபோது, குட்டையாக, குடை விரித்தது மாதிரி நின்ற மரங்களின் உச்சியில் அங்கங்கே சிவப்பு. எட்டத்தில் பார்த்தால் பூ மாதிரித்தான் இருந்தது. கிட்டப் போனால் இலை. ஒரு கிளை பாதைக்கு மேலே கவிந்து கிடந்தது. நுனியில் ஆறேழு இலை, ஒவ்வொன்றும் பெருவிரல் நீளம்கூட இல்லை. மெழுகு பூசினது போல மினுங்கின. நடு நரம்பு இளஞ்சிவப்பு. ஓரத்தில் பனித்துளி வரிசையாக. அதற்குக் கீழே இருந்த இலைகள் செம்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம். இன்னும் கீழே கடும் பச்சை, தொட்டால் தோல் மாதிரித் தடிப்பு. அம்மா கை வைக்காமல் முகத்தை மட்டும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மாந்தளிர் எல்லோ."

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நம் வளவு மாமரம் தளிர் விட்டால் முதலில் செம்பாகத்தான் இருக்கும், பிறகுதான் பச்சை பிடிக்கும். அங்கேயும் அதுதான் நடக்கிறது. கீனா, காட்டு நாவல் வகை மரங்கள் சிவப்பாகத் தளிர் விடுகின்றன. அண்ணாவின் மேப்பிளில் நடப்பது இதற்கு எதிர். அங்கே குளிர் வருமுன் இலையில் உள்ள பச்சையம் உடைந்து போக, ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரியும், சிவப்பு அந்த நேரத்தில் புதிதாக உண்டாகும். அந்தோசயனின் என்ற நிறப்பொருள் அது. தளிரில் இருக்கிற சிவப்பும் அதே அந்தோசயனின்தான், இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது என்கிறார்கள். கனடாவில் இலை போகிற நேரம் சிவக்கிறது, இங்கே வருகிற நேரம் சிவக்கிறது. உங்கள் மகளுக்கு ஒன்பது வயது, இதைச் சொன்னால் நன்றாகவே விளங்கும். போகுமுன் கடற்கரைப் பக்கம் வாதுமை மரம் ஒன்றையும் காட்டுங்கள், கொட்டம்பா என்று சொல்வோமே, அதைத்தான். அதன் இலை விழுமுன் நல்ல சிவப்பாகும். அண்ணாவின் படத்தோடு வைத்துப் பார்க்க நம் ஊரிலேயே உள்ள மரம் அது.

கிளை எதையும் ஒடிக்க விடாதீர்கள், விழுந்த இலையையும் கொண்டுவர முடியாது. சின்னவன் அந்த இலையைக் கொப்பியில் வரைந்தான், நாங்கள் பதினைந்து நிமிடம் நின்றோம். மரங்களில் தாடி மாதிரித் தொங்குகிற சாம்பல் பச்சைப் பாசியையும் அவன் வரைந்திருக்கிறான். கொம்பு முளைத்த ஒரு சின்ன ஓணான் உண்டு, இலங்கை மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக நடக்கிறவர்களின் கண்ணில்தான் அது படும். எங்களுக்குக் காட்டியது அம்மா.

உலக முடிவில் கவனம். நேர் கீழே 870 மீற்றர் அளவு பள்ளம். 2015இல் ஒரு நெதர்லாந்து நாட்டவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்பக்கமாக அடி வைத்து விழுந்துவிட்டார். 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் தடுபட்டதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மீட்டார்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். படம் எடுக்கிறவர் முதலில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். கீழே தேயிலைத் தோட்டத்து லயங்களின் தகரக் கூரைகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. அம்மா பாறையில் இருந்து கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கோழி கூவுற சத்தம் இவ்வளவு உயரத்துக்குக் கேக்குது" என்றார். நாங்கள் காது கொடுத்தோம். உண்மைதான், கேட்டது.


ஆரையம்பதி_அக்கா

வாவிக்கரைத் தம்பி, இவ்வளவு விரிவாக எழுதினதுக்கு மிக்க நன்றி. வாசித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். மாந்தளிர் என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். போகலாம் என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் "அங்க எவ்வளவு குளிர்?" என்று கேட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகம். முழங்காலுக்கு எந்த இடம் கடினம்? புரட்டாசி தவறி ஐப்பசியில் போனால் பரவாயில்லையா? அண்ணா குடும்பம் அடுத்த வருடம் வந்தால் அவர்களையும் கூட்டிப் போகலாமா என்றும் யோசிக்கிறேன்.


வெலிமடை_மருமகள்

நான் பிறந்தது வெலிமடைப் பக்கத் தோட்டத்தில், கல்யாணம் முடித்து இப்போது வந்தாறுமூலையில் இருக்கிறேன். மழை பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா. ஐப்பசியில் அங்கே மத்தியானம் திரும்பினால் இடியும் மழையும்தான். வெட்டவெளிப் புல்லில் நிற்கும்போது இடி முழங்கினால் ஒதுங்க ஒரு கூரையும் கிடையாது. புரட்டாசியிலும் பின்னேர மழை வரும், ஆனால் காலையில் பெரும்பாலும் வெளிச்சமாக இருக்கும். ஐப்பசிதான் என்றால் பதினொரு மணிக்குள் வாகனத்துக்குத் திரும்பிவிடுங்கள். நல்ல தெளிவான வானம் வேண்டுமென்றால் தை, மாசி. அப்போது விடியப்புறம் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், குளிரும் கடுமை, உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

குளிருக்கு ஒரு தடித்த ஜக்கெட்டை விட மெல்லியதாக மூன்று உடுப்பு நல்லது. ஏழு மணிக்கு நடுங்குவீர்கள், பத்து மணிக்கு வேர்க்கும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதை மூடக் குல்லாவோ சால்வையோ கட்டாயம். அந்த உயரத்து வெயில் குளிரில் தெரியாது, ஆனால் முகம் எரிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தொப்பி போடுங்கள்.

பூரணை லீவில் கூட்டம் மிக அதிகம். மூன்று நாளில் எது பூரணை என்று பார்த்து, அதற்கு அடுத்த நாளை நடைக்கு வையுங்கள். அண்ணா வந்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுச்சீட்டு நம்மை விடப் பல மடங்கு. நீங்கள் எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.


வாவிக்கரை

வெலிமடைத் தங்கச்சி சொன்னது சரி. உடுப்பு விசயத்தில் நாங்கள் பிழை விட்டோம். அம்மாவுக்குத் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றுதான் இருந்தது, பாதி வழியில் அதை நான் சுமந்தேன்.

முழங்காலுக்குக் கடினமான இடம் பேக்கர் அருவி. உயரம் 20 மீற்றர்தான், ஆனால் பார்க்க வேண்டுமென்றால் சரிவான படிகளில் இறங்கி, அதே படிகளில் ஏற வேண்டும். அதுவும் கால் களைத்த பிறகு. அம்மாவும் நானும் மேலேயே இருந்தோம், மனைவியும் பிள்ளைகளும் இறங்கிப் போய் வந்தார்கள். அருவிச் சத்தம் அங்கேயே நன்றாகக் கேட்கும். உங்கள் அம்மாவையும் இறக்காதீர்கள். ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் முழங்கால் நோகும். ஊன்ற ஒரு தடி கட்டாயம், வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், காட்டில் முறிக்க முடியாது. பிரஷர் குளிசையை எத்தனை மணிக்கு எடுப்பது என்று போகுமுன் டொக்டரிடம் ஒரு தரம் கேளுங்கள். நாலு மணிக்கு எழும்பினால் வழக்கமான நேரம் குழம்பிவிடும்.

உலக முடிவு வரைக்கும் வந்த பிறகு அம்மா களைத்துப் போனாலும் பயப்படத் தேவையில்லை. மிச்சப் பாதை பெரும்பாலும் புல்வெளி, நேரம் எடுத்து நடக்கலாம். ஒரு போத்தலில் கொஞ்சம் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் வையுங்கள்.


ஆரையம்பதி_அக்கா

நாள் குறித்துவிட்டோம், பூரணைக்கு அடுத்த நாள் நடை. வானும் பேசியாகிவிட்டது. நேற்றுப் பின்னேரம் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வாதுமை மரத்துக்குக் கீழே பதினொரு சிவப்பு இலை பொறுக்கினாள். அதில் ஒன்று பாதி பச்சை, பாதி சிவப்பு. அதை மட்டும் கொப்பிக்குள் வைத்து, மற்றதைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினாள்.

அம்மாவுக்குச் சப்பாத்து வாங்கியாகிவிட்டது. இன்று காலை வாசலில் இருந்து போட்டுப் பார்த்தார். பெருவிரல் முட்டுகிறதாம், நாளைக்கு மாற்ற வேண்டும்.